பெட்டிக்குள் சாவி

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மூலையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், ஒரு சர்வர். உள்ளே 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவதெல்லாம் கையோடு மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு டிஸ்குக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு முதல் டிஸ்க் செத்துவிட்டது. இரண்டாவது நன்றாக இருக்கிறது, ஒரு கோப்புகூடக் குறையவில்லை. ஆனால் பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை, சரியான டிஸ்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்துக. அழுத்துகிறார்கள். அதே வரி மறுபடியும் வருகிறது.

உயிரோடு இருக்கும் டிஸ்கில் எல்லாம் இருக்கிறது. அதை எழுப்பத்தான் வழியில்லை. கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. தரவைக் காப்பதற்காக வந்த ரெய்டு, கணினியை எழுப்பும் வேலையை ஒருபோதும் முழுதாக ஏற்றுக்கொண்டதில்லை.

ரெய்டு என்றதும் தமிழ்ச் செய்தி வாசகருக்கு வாசலில் வந்து நிற்கும் வருமான வரித்துறை வண்டிகள்தான் நினைவுக்கு வரும். அந்த ரெய்டு இருப்பதை எடுத்துக்கொண்டு போவது. இந்த ரெய்டு இருப்பது போகாமல் பார்த்துக்கொள்வது. 1988-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. மலிவான டிஸ்குகளை உபரியோடு சேர்த்துக் கட்டிய வரிசை என்பது அதன் பொருள். பிற்பாடு, டிஸ்க் வரிசைகளை நல்ல விலைக்கு விற்றவர்களுக்கு 'மலிவான' என்ற சொல் உறுத்தியதோ என்னவோ, அந்த இடத்தில் 'தனித்தனியான' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்குப் பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளில் இருந்தது ஐபிஎம் 3380. 7,500 மெகாபைட் கொள்ளளவு, 24 கன அடி இடம், 6,600 வாட் மின்சாரம். அதே சமயத்தில் தனிநபர் கணினிகளுக்காகக் கானர் நிறுவனத்தின் சிபி3100 வந்திருந்தது. 100 மெகாபைட்தான், ஆனால் 10 வாட் போதும், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட 75 சின்ன டிஸ்குகளைச் சேர்த்தால் ஒரு பெரிய டிஸ்கின் கொள்ளளவு வந்துவிடுகிறது. சிக்கல் எண்ணிக்கையில்தான். ஒரு சின்ன டிஸ்க் பழுதாகச் சராசரியாக 30,000 மணி நேரம் ஆகும் என்றால், 100 டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் ஏதாவது ஒன்று பழுதாக 300 மணி நேரம் போதும். இரண்டு வாரம்கூட இல்லை. உபரி என்ற எண்ணம் அங்கேதான் கட்டாயமாகிறது. பழுதான நினைவகத்தின் தரவை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு ஐபிஎம்மின் நார்மன் கென் ஔச்சி 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி மூவர் அதுபோன்ற முறைகளுக்கு 1 முதல் 5 வரை படி எண் போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். ரெய்டு 0 அந்தக் கட்டுரையில் கிடையாது. அதில் உபரியும் கிடையாது. பெயர் மட்டும் ரெய்டு.

ரெய்டு 1 என்பது இரட்டைப் பிரதி. ரெய்டு 5-ல் சூட்சுமம் கொஞ்சம் கூடுதல். ஒரு டிஸ்கில் 5, இன்னொன்றில் 3 இருக்கிறது என்று கொள்வோம். இரும எண்ணில் 5 என்பது 0101, 3 என்பது 0011. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இலக்கங்கள் ஒத்திருந்தால் 0, மாறுபட்டால் 1 என்று போட்டுக்கொண்டே போனால் 0110 வரும். அதாவது 6. இந்த 6 மூன்றாவது டிஸ்குக்குப் போகிறது. 5 இருந்த டிஸ்க் செத்தால், மிச்சமிருக்கும் 6-ஐயும் 3-ஐயும் வைத்து அதே கணக்கைப் போட்டால் 5 திரும்பி வரும். காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், எந்த எண்ணை எடுத்தாலும் ஏமாற்றாது.

இந்தக் கணக்கைப் போட ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் எங்கே இருக்கிறது? டிஸ்கில். டிஸ்கைப் படிக்க என்ன வேண்டும்? நிரல்.

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் சொல்வார்கள். கணினித்துறைக்கு இந்தப் பழமொழி தெரிந்திருந்தால் 'பூட்ஸ்டிராப்' என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது. காலில் போட்ட பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்பது அந்தச் சொல்லின் மூலம். நடக்காத காரியம். ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் கணினிகள் அதைத்தான் செய்கின்றன, ஒரே தாவலில் செய்யாமல் படிப்படியாகச் செய்கின்றன.

1981-ல் வந்த ஐபிஎம் தனிநபர் கணினி போட்ட பாதை நெடுங்காலம் மாறவில்லை. மின்சாரம் வந்ததும் மதர்போர்டின் சிப்பில் இருக்கும் பயாஸ் விழிக்கும். டிஸ்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் 512 பைட்டை, அப்படியே நினைவகத்துக்குக் கொண்டுவரும். கடைசி 2 பைட்டில் குறிப்பிட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அங்கேயே கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோப்பு, ஃபோல்டர், விண்டோஸ், லினக்ஸ், ரெய்டு எதுவும் அதற்குத் தெரியாது. அந்த 512 பைட்டில் முத்திரைக்கு 2, பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும். 446 பைட்டில் 148 குறியீடுதான் அடங்கும். இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களுக்கே அது போதாது.

அவ்வளவு சின்ன நிரலால் ஒரே ஒரு வேலைதான் முடியும்: அடுத்த, சற்றே பெரிய நிரலைக் கூப்பிடுவது. லினக்ஸின் கிரப் லோடர் என்றால், அந்த இரண்டாம் துண்டு முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாக விடப்பட்ட இடுக்கில் உட்கார்ந்திருக்கும். அது கெர்னலையும், கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு தற்காலிகக் கட்டுச்சோற்று மூட்டையையும் ஏற்றும். ரெய்டை ஒன்றுசேர்க்கும் கருவிகள் அந்த மூட்டையில்தான் இருக்கின்றன. வரிசை ஒன்றுசேர்ந்த பிறகே உண்மையான அமைப்பு மேலே ஏறும். தொடர் ஓட்டத்தில் கோலை நான்கு பேர் கைமாற்றுவது போல. ஒவ்வொருவரும் டிஸ்க் வரிசையைத் தன் கண்ணால் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். முன்னவர் பார்த்தது பின்னவருக்குத் தெரியாது. ரெய்டு பூட் ஆகவில்லை என்று யாராவது கூப்பிட்டால், கோல் யார் கையில் நழுவியது என்பதுதான் முதல் கேள்வி. திரையில் நிற்கும் கடைசி வரி அதைச் சொல்லிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் போனிலேயே, எதையும் தொடாதீங்க, ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புங்க என்கிறார்கள்.

சொந்தமாகப் புராசஸர் வைத்திருக்கும் ரெய்டு கார்டு என்றால் இந்தத் தலைவலி குறைவு. நான்கு டிஸ்க் இருந்தால் நான்கையும் தனக்குள் கட்டிக்கொண்டு பயாஸிடம் ஒரே டிஸ்க் என்று காட்டிவிடும். மதர்போர்டிலேயே வரும் ரெய்டு பெரும்பாலும் அரைக்கிணறுதான். தொடக்கத்தில் போர்டின் சிப்பில் உள்ள நிரல் வரிசையைக் காட்டும். விண்டோஸ் விழித்ததும் அந்த வேலையை டிரைவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் இல்லையென்றால் பள்ளம்.

தணிக்கை அலுவலகத்துக்குத் திரும்புவோம். அங்கே இருப்பது லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 1. அது பிரதி எடுப்பது பார்ட்டிஷன்களை. பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன்னால் உள்ள முதல் செக்டாரும் இடுக்கும் அதன் எல்லைக்கு வெளியே. அமைப்பை நிறுவியவர் கிரப்பை முதல் டிஸ்கில் மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி முழுக்க ரசம் பூசியாகிவிட்டது, மேல் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் விட்டுப்போயிற்று. இன்றைய வழக்கப்படி அந்தக் கீற்றின் அகலம் 1 மெகாபைட். 2 டெராபைட் டிஸ்கில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. முதல் டிஸ்க் உயிரோடு இருக்கும்வரை இந்தக் குறை யார் கண்ணிலும் படாது. அது செத்த அன்றைக்குத்தான் தெரியும்.

வைத்தியம் எளிது. பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஓட்டி, மிஞ்சிய டிஸ்கில் இருக்கும் வரிசையை ஒற்றை உறுப்போடு எழுப்பி, அதற்குள் நுழைந்து, அந்த டிஸ்கின் முதல் செக்டாரில் லோடரை எழுத வேண்டும். கை பழகியவருக்குப் பத்து நிமிட வேலை.

புதிய கணினிகளில் பயாஸின் இடத்தை யுஇஎஃப்ஐ பிடித்துக்கொண்டது. அதற்கு 446 பைட் கஞ்சத்தனம் இல்லை. ஃபேட் வடிவத்தில் உள்ள ஒரு தனிப் பார்ட்டிஷனைத் திறந்து, அங்கிருக்கும் லோடர் கோப்பைத் தானே படித்துவிடும். நோய் மட்டும் அதேதான். அந்தப் பார்ட்டிஷனைப் படிக்கும்போது லினக்ஸின் ரெய்டு அதற்குப் புரியாது. ஆகவே அந்தப் பார்ட்டிஷன் ஒரு டிஸ்கில் மட்டும் இருந்துவிடுகிறது. சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். லினக்ஸ் ரெய்டின் அடையாளக் குறிப்பு வழக்கமாகப் பார்ட்டிஷனின் தொடக்கத்துக்கு அருகே, 4 கிலோபைட் தள்ளி எழுதப்படும். பதிப்பு 1.0 முறையில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். அப்போது தொடக்கத்தைப் பார்க்கும் யுஇஎஃப்ஐக்கு அது சாதாரண ஃபேட் பார்ட்டிஷன், கடைசியைப் பார்க்கும் லினக்ஸுக்கு ரெய்டு. அழகான ஏமாற்று. ஆனால் யுஇஎஃப்ஐ என்றாவது ஒருநாள் அந்தப் பார்ட்டிஷனில் தானாக எதையாவது எழுதினால், ஒரு பிரதி மாறி மற்றது மாறாமல் நிற்கும், லினக்ஸுக்குச் சேதியே போகாது. இரண்டு டிஸ்கிலும் தனித்தனியாக ஒரு பார்ட்டிஷன் வைத்து, லோடர் மாறும்போதெல்லாம் நகலெடுப்பதே மேல். அலங்காரம் குறைவு, நிம்மதி அதிகம்.

இனி ஒரு நாணய பேட்டரியின் கதை. மதர்போர்டில் வட்டமாக ஒன்று செருகியிருக்கும்: சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலேயே அளவு இருக்கிறது. கடிகாரத்தையும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் மின்சாரம் இல்லாதபோது காப்பது இதுதான். சில வருடங்களில் இது தீர்ந்துபோகும். ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். பல போர்டுகளில் அந்த அமைப்பில் சாட்டா டிஸ்குகளின் முறை ரெய்டு என்று இருக்காது, ஏஹெச்சிஐ என்று இருக்கும். அவ்வளவுதான். நேற்றுவரை ஒரே டிஸ்காகத் தெரிந்த ரெய்டு 1 வரிசை இன்று இரண்டு அநாதைகள். விண்டோஸ் பாதிவரை ஏறி, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற பொருளில் 7பி என்ற நிறுத்தக் குறியோடு நீலத்திரையில் விழும். பார்ப்பவர்கள் டிஸ்கைச் சந்தேகிப்பார்கள், வைரஸைச் சந்தேகிப்பார்கள். சட்டென்று பிடிபடும் தடயம் ஒன்று உண்டு: பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பேட்டரியை மாற்றி, முறையை ரெய்டுக்குத் திருப்பினால் எல்லாம் பழையபடி வந்துவிடும், நடுவில் யாரும் அந்த டிஸ்குகளில் எதையும் எழுதாமல் இருந்தால்.

கோல் நான்காவது கையில் நழுவும்போது திரை வேறு மாதிரி இருக்கும். கிரப் மெனு வரும், கெர்னல் வரிகள் ஓடும், பிறகு மூல டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். புதியவர்களுக்கு இது கல்லறை போலத் தெரியும். உண்மையில் இது நல்ல இடம். கெர்னல் உயிரோடு இருக்கிறது, கருவிகள் கையில் இருக்கின்றன. எம்டிஸ்டாட் என்ற கோப்பைப் படித்தால் வரிசையின் நிலை ஒரு வரியில் தெரியும். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யு' என்றால் இரண்டு டிஸ்கும் நலம். ஒரு 'யு'வும் ஒரு அடிக்கோடும் என்றால் ஒன்று இல்லை. இரண்டும் நலமாக இருந்தும் பூட் ஆகாத வேடிக்கையும் உண்டு. எம்டி 0 என்று இருக்க வேண்டிய வரிசை எம்டி 127 என்ற பெயரில் எழுந்து நிற்கும். அமைப்புக் கோப்பில் வரிசையின் பெயர் எழுதப்படாமலோ, எழுதிய பிறகு அந்த மூட்டையைப் புதுப்பிக்காமலோ விட்டால், வரிசையைக் கட்டும் எம்டிஏடிஎம் கருவி அதை யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து 127-லிருந்து எண் கொடுக்கும். வந்த விருந்தாளிக்குப் பெயர் தெரியாததால் திண்ணையில் உட்காரவைத்த கதை. அந்தக் கருவியின் அமைப்புக் கோப்பைச் சரிசெய்து மூட்டையை மறுபடி கட்டினால் தீர்ந்தது.

சில சமயம் டிஸ்க் சாகாமலேயே செத்ததாக எழுதப்பட்டுவிடும். மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்குகள் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் முயலும், ஒரு நிமிடத்துக்கு மேலும் முயலும். தனி ஆளாக இருந்தால் அது நற்குணம். ரெய்டு கூட்டத்தில் அது குற்றம். கட்டுப்படுத்தும் கார்டு சில விநாடிதான் காத்திருக்கும், லினக்ஸ் கெர்னல் வழக்கமாக 30 விநாடி. பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று பெயரை அடித்துவிடும். சர்வருக்கென்று விற்கும் டிஸ்குகள் 7 விநாடியில் கைவிட்டு, முடியவில்லை என்று ஒழுங்காகச் சொல்லிவிடும். மற்றதை இன்னொரு பிரதியிலிருந்து ரெய்டு பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமான காட்சி, கணினி பூட் ஆகி, ஆனால் தப்பான நாளுக்குப் பூட் ஆவது. பிப்ரவரியில் இரண்டாவது டிஸ்கின் கேபிள் லேசாகத் தளர்ந்து அது வரிசையிலிருந்து விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போனது. ஆகஸ்டில் முதல் டிஸ்க் சாகிறது. யாரோ பெட்டியைத் திறந்து கேபிள்களை அழுத்திவிட, இரண்டாவது டிஸ்க் உயிர்பெறுகிறது. கணினி எந்தப் புகாரும் இல்லாமல் எழுகிறது, பிப்ரவரி மாதத்துக்குள். ஆறு மாதக் கணக்கு காணோம். கோப்புகள் அழிந்ததாக எண்ணி ஊழியர்கள் அந்தப் பழைய பிரதியின் மேலேயே வேலையைத் தொடங்கிவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். இதற்காகத்தான் ஒவ்வொரு உறுப்பு டிஸ்கின் அடையாளக் குறிப்பிலும் நிகழ்வு எண்ணிக்கை ஒன்று ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு டிஸ்கையும் ஆராய்ந்து பார்த்தால், எண் குறைவாக இருப்பது பின்தங்கிய பிரதி. பக்கத்திலேயே கடைசியாக எழுதிய நாளும் நேரமும் இருக்கும். ஒரு டிஸ்கை நம்பி எழுதத் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய எண் அது ஒன்றுதான்.

பழுதைவிட, பதற்றத்தில் அழுத்திய பட்டன் அழித்த தரவு அதிகம் என்று தரவு மீட்பவர்கள் பேசிக்கொள்வது உண்டு. ரெய்டு கார்டின் மெனுவில் 'இனிஷியலைஸ்' என்று ஒரு சொல் இருக்கும். தொடங்குவது என்று பொருள் கொண்டு அழுத்துவார்கள். கார்டின் மொழியில் அது சுத்தமாகத் துடைப்பது. கார்டை மாற்றினால் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று கேட்கும். வேறு கார்டு எழுதிய குறிப்பு டிஸ்கில் இருக்கிறது என்பதுதான் சேதி. அங்கே 'இம்போர்ட்' என்றால் வரிசை திரும்பும், 'கிளியர்' என்றால் அந்தக் குறிப்பே போய்விடும். லினக்ஸிலும் 'அசெம்பிள்' ஒன்று, 'கிரியேட்' ஒன்று. முன்னது இருப்பதைச் சேர்க்கும். பின்னது புதிய குறிப்பை எழுதும், அதுவும் டிஸ்குகளின் முன்பின் ஒழுங்கு மாறியிருந்தால் ரெய்டு 5 கந்தல்தான். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் ஸ்குரூடிரைவருக்கு முன்னால் மார்க்கர் பேனாவைத்தான் எடுப்பார்கள். எந்தக் கேபிள் எந்த டிஸ்கில் என்று எண் போட்டு, படம் எடுத்து, தடுமாறும் டிஸ்கை டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் செக்டார் செக்டாராக வேறொன்றுக்கு நகலெடுத்து, அந்த நகலில்தான் கை வைப்பார்கள்.

தணிக்கை அலுவலகத்தில் பதினோரு மணிக்கெல்லாம் சர்வர் எழுந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் புதிய டிஸ்கைப் போட்டு, பார்ட்டிஷன் பிரித்து, வரிசையில் சேர்த்தார். எம்டிஸ்டாட்டில் ஒரு அம்புக்குறி மெல்ல நகரத் தொடங்கியது, 0.3 சதவீதம். விநாடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டுக்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். மாலை நான்கு மணிக்கு இரண்டு 'யு'க்களும் தெரிந்தன. புதிய டிஸ்கின் முதல் செக்டாரிலும் கிரப்பை எழுதிவிட்டு, சர்வரை முறையாக அணைத்து, பழைய நல்ல டிஸ்கின் கேபிளை அவர் உருவினார். அலுவலகத்துக்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பவர் பட்டன். கறுப்புத் திரை. மூன்று விநாடி, நான்கு விநாடி. பிறகு கிரப் மெனு. அவர் மறுபடி அணைத்து, கேபிளைச் செருகி, எழுப்பி, பழைய டிஸ்கை மீண்டும் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டளை அடித்தார். எது மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் அந்த வரிசையில் இருந்ததால், இந்த முறை ஒத்திசைவு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.